ரேடியேட்டர் மூடியைத் திறக்குமுன்

நமது சங்கங்கள் பலவற்றில் இன்று சொந்தமாக ஒரு சிறு லாரியோ டிராக்டரோ இருக்கின்றது. நூல் பொதிகளைக் கொண்டுவரவும், நெய்த துணிகளை விற்பனை நிலையத்திற்கு அனுப்பவும், காய்கறிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் அவை பயன்படுகின்றன. டயர், பிரேக், எண்ணெய் ஆகியவற்றில் அக்கறை கொள்ளும் நாம், ரேடியேட்டரின் மூடியைப் பற்றி நினைப்பதே இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சிறு பொருளைத் தண்ணீர்க் குடத்தின் மூடிக்கு ஒப்பாக எண்ணிவிடுகிறோம். உண்மையில், சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரின் மூடியும் அதன்மேல் வைக்கும் வெயிட்டும் சேர்ந்து செய்யும் வேலையை அது தனியாகவே செய்கின்றது.

இயந்திரத்தில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் உஷ்ணத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மிஞ்சிய உஷ்ணத்தில் ஒரு பங்கை இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் ஏற்று, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. இந்த நீர் கொதித்துவிட்டால் காரியம் கெட்டது. ஆவிக் குமிழிகள் நிற்கும் இடத்தில் உலோகம் குளிராது. சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும்.

சாதாரணமாக நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. மேலே ஏற ஏற அந்த அளவு குறையும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். இயந்திரமோ சாதாரண நாளிலேயே 90 டிகிரியை ஒட்டி வேலை செய்வது. பாரம் ஏற்றி மலைப்பாதையில் முதல் கியரில் ஏறும் வண்டியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. முற்காலத்து மோட்டார் வண்டிகளில் அழுத்தமில்லாத வெறும் மூடியே இருந்தது. 1910-களில் அந்த மூடியின் மேலேயே ஒரு உஷ்ணமானியைப் பொருத்தி, ஓட்டுபவர் தம் இருக்கையிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வழக்கம் பரவிற்று. அந்த அளவுக்கு அப்போது கொதிப்பு அன்றாடத் தொல்லை!

இப்போதைய மூடி நீரை அழுத்தத்தில் வைத்துக் காக்கிறது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ஸ்பிரிங்கும், அதன் அடியில் ரப்பர் வளையமும் தெரியும். நீர் சூடேறி விரியும்போது, குறித்த அழுத்தம் வரும் வரையில் ஸ்பிரிங் இடம் கொடாது. மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருந்தால், காற்றழுத்தத்திற்கு மேல் 0.9 பார், அதாவது சதுர அங்குலத்திற்கு 13 பவுண்டு என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூடச் சுமார் 119 டிகிரி வரையில் கொதியாது. அதற்கு மேற்பட்டால் ஸ்பிரிங் எழும்பி, மிகுந்த நீரைப் பக்கக் குழாய் வழியே சிறு தொட்டிக்கு அனுப்பும். வண்டி நின்று நீர் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியின் நடுவிலுள்ள இன்னொரு சிறு வால்வு திறந்து, வெளியேறிய நீரைத் திரும்ப உள்ளே விடும். இந்தச் சின்ன வால்வு அடைத்துக்கொண்டால், குளிர்ந்த வண்டியில் மேல் ரப்பர் குழாய் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடக்கும்.

இனி அபாயத்தைப் பார்ப்போம். 119 டிகிரியில் இருக்கும் நீரின் மேலிருந்து அழுத்தத்தைத் திடீரென நீக்கினால், ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 35 கிராம் நீர் அந்தக் கணமே ஆவியாகும். அளவு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆவி அடைத்துக்கொள்ளும் இடம் ஐம்பது லிட்டருக்கும் மேல்! அது எஞ்சிய கொதிநீரையும் தள்ளிக்கொண்டு மூடியைத் திறப்பவரின் முகத்துக்கும் கைக்கும் பாய்கிறது. விலகிக்கொள்ள நேரமே இராது.

எமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர், கேரட் மூட்டைகளுடன் வந்தபோது வழியில் வண்டி சூடேறிவிட்டது. சரக்கு வாடிவிடுமே என்ற கவலையில், ஈரத்துணியை வைத்து மூடியைத் திருகினார். வலது கை முழங்கை வரையில் வெந்துபோயிற்று. ஓய்வு நாட்களில் தறியில் உட்காருபவர் அவர். இரண்டு மாதங்கள் நாடாவைத் தொட இயலவில்லை. கேரட் மறுநாள் வேறு வண்டியில் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே உஷ்ணமானியின் முள் மேலேறினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, குறைந்தது அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மின்விசிறி பொருத்திய வண்டிகளில் இயந்திரம் நின்ற பின்னும் விசிறி தானே சுழலக் கூடுமாதலால் அதனருகே கை வைக்கலாகாது. பிறகு மேல் ரப்பர் குழாயைத் துணிகொண்டு மெல்ல அழுத்திப் பாருங்கள். அது விறைப்பாக இருந்தால் அழுத்தம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. மேலும் காத்திருக்கத்தான் வேண்டும். குழாய் தளர்ந்து, மூடியும் வெறுங்கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின்பு, தடித்த துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை முதல் தடை வரையில் மட்டும் திருப்ப வேண்டும். சீறல் ஓய்ந்த பிறகே கீழே அழுத்தி முழுவதும் திருகலாம். சில புதிய வண்டிகளில் ரேடியேட்டருக்கு மூடியே இராது. பிளாஸ்டிக் தொட்டியின் திருகுமூடிதான் அழுத்த மூடி. அதற்கும் இதே விதி. வெந்த இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. உலோகம் விரிசல் காணும்.

எவருக்கேனும் வெந்துவிட்டால், மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். மையும் மாவும் பற்பசையும் பூசுவது நமது ஊர்களில் இன்னும் மறையாத வழக்கம். அவை எதுவும் கூடாது, பனிக்கட்டியும் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் அழைத்துச் செல்க. முகமோ கண்ணோ வெந்திருந்தால் 108-ஐ அழைப்பதில் தாமதம் வேண்டாம்.

மூடி பழுதானதை எவ்வாறு அறிவது? ரப்பர் வளையம் உப்பியோ வெடித்தோ இருக்கும்; ஸ்பிரிங் துருவேறித் தளர்ந்திருக்கும்; மூடியைச் சுற்றி வெண்மையாகவோ பழுப்பாகவோ காய்ந்த கறை படிந்திருக்கும். எங்கும் ஒழுகாமலே நீர் குறைந்துகொண்டு வந்தால் மூடியையும் சந்தேகிக்கலாம். பட்டறையில் ஒரு கைப்பம்பால் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். மூடியின் விலை சில நூறு ரூபாய். வளைந்த சிலிண்டர் ஹெட்டைச் செப்பனிடும் செலவோ பல ஆயிரம். எமது அபிப்பிராயத்தில், காரியதரிசிகள் இந்தச் செலவுக்கு ஒப்பம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

புதிய மூடி வாங்கும்போது பழையதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பொறித்த எண் ஒன்றாக இருத்தல் வேண்டும். வாயின் அகலமும், உட்பகுதி இறங்கும் ஆழமும் பொருந்த வேண்டும். 0.9 இருந்த இடத்தில் 1.3 போட்டால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று கூறுவோர் உண்டு. அது பிழை. ரேடியேட்டரும் ரப்பர் குழாய்களும் அந்த அழுத்தத்திற்குச் செய்யப்பட்டவை அல்ல. பழைய டிராக்டர் சிலவற்றில் 4 முதல் 7 பவுண்டு அழுத்த மூடிகளே உண்டு. அவற்றில் காருக்குரிய மூடியைப் போட்டால் ஈயப்பற்று விட்டுவிடும்.

உப்புக் கிணற்று நீரை ஊற்றினால் புதிய மூடியும் விரைவில் கெடும். வண்டிக் கையேட்டில் குறித்த கூலன்ட்டையே ஊற்றுக. ஆனால் பல கூலன்ட்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான நஞ்சு இருக்கிறது. நீரை மாற்றும்போது அதைக் களத்திலோ வாய்க்காலிலோ விடாமல், மூடியுள்ள கலத்தில் பிடித்துப் பட்டறையில் ஒப்படைப்பீர்களாக. இனிப்பை நாடிக் கன்றும் நாயும் நக்கிவிடும்.