ஒரே வளவு, ஒரே மீட்டர் போர்டு... பக்கத்து வீட்டு கரண்ட் உங்கள் ஃப்ரிட்ஜில் ஷாக் அடிப்பது எப்படி?

தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரம் போன்ற ஊர்களில், ஒரே வளவுக்குள் நான்கைந்து குடும்பங்கள் வாடகைக்கு இருப்பது வழக்கம். மீட்டர் தனி, கரண்ட் பில் தனி. ஆனால், எர்த் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால், "அடுத்த வீட்டு கிரைண்டர் கெட்டா நமக்கென்ன?" என்று சும்மா இருந்துவிட முடியாது. ஏன்?

எர்த் செய்யும் வேலை என்ன?

ஃபேஸில் வரும் மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பும். எர்த் ஒயர் சாதாரண நேரத்தில் சும்மா இருக்கும். கிரைண்டர், ஹீட்டர் பாடியில் ஃபேஸ் பட்டுவிட்டால், அதை மண்ணுக்குள் கடத்துவதுதான் அதன் வேலை.

பொது எர்த் அறுந்தால்?

எல்லா வீட்டுப் பச்சை ஒயர்களும் மீட்டர் போர்டு அருகே ஒன்றாகச் சேர்ந்து, ஒரே கம்பியாக எர்த் குழிக்குள் இறங்கும். உப்புக்காற்றிலும் ஈர மண்ணிலும் அந்தக் கம்பி துருப்பிடித்து அறுந்தால், ஒரு வீட்டு ஹீட்டரில் கசியும் மின்சாரத்துக்கு மண்ணுக்குள் போக வழி இருக்காது. பச்சை ஒயர் வழியாகவே மற்ற வீட்டு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பாடிக்கு வந்து நிற்கும். கோளாறு ஒரு வீட்டில், ஷாக் இன்னொரு வீட்டில்!

எம்.சி.பி. காப்பாற்றாதா?

எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், கசிவை உணர்ந்து நொடிக்குள் விழுந்துவிடும். ஆனால், இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கசியும் மின்சாரம் பக்கத்து வீட்டு ஃபேஸில் இருந்து வருவதால், விழ வேண்டியது அந்த வீட்டு ஆர்.சி.சி.பி.தான். உங்கள் வீட்டில் இருப்பதற்கு அது தெரியவே தெரியாது. அதனால் வளவில் எல்லா வீட்டிலும் இது இருக்க வேண்டும்.

"நியூட்ரல்லயே சேத்துரலாம்" என்றால்?

எர்த் குழி சரியில்லாத இடங்களில், பிளக் பாயின்ட்டிலேயே எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துவிடுவார்கள். இது பெரிய ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஆன் செய்திருக்கும் ஒரு பல்பு வழியாகவே ஃபேஸ் வந்து பாடியில் ஏறிவிடும். எந்தப் பொருளும் கெட்டிருக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

* ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பச்சை ஒயர் பொது எர்த் வரை அறுபடாமல் வர வேண்டும். நடுவில் சுவிட்ச், ஃப்யூஸ் கூடாது.
* தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுக்கக் கூடாது.
* ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.
* மழைக்காலத்துக்கு முன்பு, லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் ரெசிஸ்டன்ஸை அளந்து பார்க்கச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள்.
* சீல் வைத்த மீட்டரை நீங்களாகத் தொட வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் செய்யலாம்.

ஃப்ரிட்ஜைத் தொட்டால் லேசாக 'சுர்'ரென்று இருக்கிறதா? "ஈரக் கையோட தொட்டிருப்போம்" என்று விட்டுவிடாதீர்கள். மெயினை ஆஃப் செய்யுங்கள். அப்படியே அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லுங்கள். கசிவு அங்கேயும் இருக்கலாம்.