நிறுவும்போதே தொடங்கும் நீக்கம்

ஒரு மென்பொருளை நீக்கச் சொன்னால் கணினி எந்தெந்தக் கோப்புகளை அழிக்க வேண்டும்? நீக்கும் நேரத்தில் இதைத் தேடினால் விடை கிடைக்காது. நிறுவும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும். டெபியன் லினக்ஸில் இந்தப் பொறுப்பு டிபிகேஜி என்ற நிரலுடையது. ஒவ்வொரு பேக்கேஜும், அதாவது மென்பொருள் தொகுப்பும், கொண்டுவரும் கோப்புகளின் பட்டியலை அது சேமித்துக்கொள்கிறது. நீக்கும்போது அந்தப் பட்டியலை வைத்தே அழிக்கிறது. ஒரு ஃபோல்டருக்குள் நீங்கள் வைத்த கோப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், அந்த ஃபோல்டர் அழியாது.

கஷ்டமெல்லாம் பேக்கேஜுக்கும் நிர்வாகிக்கும் பொதுவான கோப்புகளில்தான். நிரலின் அமைப்பைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பு பேக்கேஜோடு வந்ததுதான். ஆனால் அதைத் தன் சர்வருக்கு ஏற்றபடி மாற்றி எழுதியவர் நிர்வாகி. அந்த உழைப்பை அழிக்க நிரலுக்கு உரிமை கிடையாது. ஆகவே டெபியனில் நீக்கம் இரண்டு வகை. 'ரிமூவ்' என்றால் நிரல் போகும், கான்ஃபிக் தங்கும்; மீண்டும் நிறுவினால் பழைய அமைப்போடு ஓடும். 'பர்ஜ்' என்றால் கான்ஃபிக்கும் போய்விடும். இந்தப் பிரிவினை புதியவர்களைக் குழப்பும்தான். ஆனாலும் இதுவே சரியான முடிவு என்பேன்: மிச்சமிருக்கும் கோப்பைப் பிறகு அழிக்கலாம், அழிந்துபோனதை மீட்க வழியில்லை.

பர்ஜுக்கும் எல்லை உண்டு. உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதை அது தொடாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பர்ஜ் செய்தால், தரவையும் அழிக்கலாமா என்று தனியாகக் கேட்கும். நிறுவும்போது உருவாக்கிய கணினிப் பயனர் கணக்கைப் பல பேக்கேஜ்கள் விட்டுவிட்டே போகின்றன. காரணம் பாதுகாப்பு. கணக்கை அழித்தால் அதன் எண் நாளை வேறொரு கணக்குக்குப் போகலாம். பழைய கணக்கின் கோப்புகள் எங்காவது கிடந்தால் அவையும் புதியவர் கைக்குப் போய்விடும்.

அடுத்தது சார்பு. ஒரு நிரலுக்காகத் துணைக்கு வந்த லைப்ரரிகளை, டிபிகேஜிக்கு மேல் இயங்கும் ஏபிடி என்ற நிரல் 'தானாக வந்தவை' என்று குறித்து வைக்கிறது. வேறு எதற்கும் அவை தேவைப்படாதபோது 'ஆட்டோரிமூவ்' அவற்றைத் துடைத்துவிடும்.

எதிர்த்திசையில், அதாவது ஒன்றை நிறுவுவதற்காக ஏபிடி வேறொன்றை நீக்கும்போதுதான் ஆபத்து. 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், ஏபிடியைப் பயன்படுத்தும் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போனார். பேக்கேஜ்களின் சார்பில் முரண் இருந்ததால், டெஸ்க்டாப்பையே நீக்கிவிட்டு ஸ்டீமைப் போடலாம் என்று ஏபிடி திட்டம் போட்டது. நீண்ட பட்டியலுக்கு நடுவே எச்சரிக்கையும் வந்தது; 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று தட்டச்சு செய்தால்தான் மேலே போகும் என்றது. அவர் தட்டச்சு செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. ஒரு நிரலை நிறுவ வந்தவரிடம் இப்படிக் கேட்பதே வடிவமைப்பின் பிழை. அவர் நீக்கச் சொல்லவே இல்லையே! அதே ஆண்டில் ஏபிடியைத் திருத்தினார்கள். சார்புச் சிக்கலைத் தீர்ப்பதற்காக இன்றியமையாத பேக்கேஜ்களை நீக்கப் பார்க்கும் வழக்கத்தை அது விட்டுவிட்டது.