குழந்தையின் மௌனமும் தந்தையின் கடமையும்

மூன்று வயது நிரம்பியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தைகள் நம்மிடையே உண்டு. காது கேளாமையன்று; அடுத்த தெருவில் ஐஸ் வண்டியின் மணியோசை எழுந்தால் முதலில் ஓடுவது அக்குழந்தையே. வேண்டிய பண்டத்தை விரலால் சுட்டாது, தாயின் கையைப் பற்றி இழுத்துச் சென்று அப்பண்டத்தின்மீது வைக்கும். இது ஆட்டிசம் என்று வைத்தியர் கூறிய மாத்திரத்தில், நமது குடும்பங்களில் முதலில் விசாரணைக்குள்ளாகிறவள் தாய். அவள் கொஞ்சவில்லை, வேலைக்குப் போனாள், கர்ப்ப காலத்தில் கவலைப்பட்டாள் என்று குற்றப் பத்திரிகை நீள்கிறது.

இப்பழி மேனாட்டிலும் வழங்கியதே. 1943-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். பின்னர் 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பார் பெற்றோரின் அன்பின்மையே இதற்குக் காரணமென ஒரு நூல் எழுதிப் பல தாய்மாரின் நெஞ்சைப் புண்படுத்தினார். ஆயின் 1964-லேயே பெர்னார்ட் ரிம்லாந்து இக்கொள்கையை மறுத்து எழுதியிருந்தார். அவர் அத்தகைய குழந்தையொன்றின் தந்தை. மூளை வளரும் விதத்தில் பிறப்பிற்கு முன்னரே தோன்றும் வேறுபாடே இது என்பதும், பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதும் இன்று ஸ்தாபிதமான உண்மைகள்.

தாய் காரணமல்லள்; ஆனால் வீடு பெரும் மருந்தாகலாம். இங்கிலாந்தில் 152 குழந்தைகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையொன்றின் முடிவு 2010-ல் வெளிவந்தது. அங்கே நிபுணர் பயிற்றியது குழந்தையையன்று, பெற்றோரையே. பெற்றோர் குழந்தையுடன் விளையாடுவதைப் படம் பிடித்து, அதனை அவர்களுக்கே காட்டி, குழந்தை விடுத்த எந்தச் சிறு குறிப்பைக் கண்டு கொண்டனர், எதனைத் தவற விட்டனர் என்று உடனிருந்து ஆராய்ந்தனர். நோய்க்குறிகள் உடனே அதிகமாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் குழந்தைகள் தாமாகவே பெற்றோரை நாடுவது மிகுந்தது. ஏறக்குறைய ஆறாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, பயிற்சி பெறாதாரின் குழந்தைகளைவிட இவர்களிடம் குறிகளின் கடுமையும் குறைந்திருந்ததாக 2016-ல் அறிவித்தனர்.

அம்முறையின் சாரம் எளிது, அனுஷ்டிப்பதுதான் கடினம். குழந்தையைக் கண்டவுடன் நாம் வினாத் தொடுக்கிறோம்: "இது என்ன? மாமாவுக்கு வணக்கம் சொன்னாயா?" இவ்வினாக்கள் அதனை மேலும் உள்ளொடுங்கச் செய்யும். மாறாக, தரையில் அதன் எதிரே உட்காருங்கள். அது எவர்சில்வர் மூடியைச் சுழற்றினால் பிடுங்காதீர். மற்றொரு மூடியை எடுத்து நீங்களும் சுழற்றுங்கள். "சுத்துது" என்று ஒரே சொல் சொல்லி, மனத்திற்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். ஒரு பார்வையோ முனகலோ வந்தால் அதனையே பேச்சாக மதித்து விடை கொடுங்கள். ஊஞ்சலை ஆட்டி நடுவே நிறுத்திக் காத்திருப்பதும் நன்று. "பால் வேணுமா?" என்றால் "பால் வேணுமா?" என்றே திருப்பிச் சொல்லும் குழந்தை பரிகாசம் செய்யவில்லை, பெரும்பாலும் வேண்டும் என்கிறது. அதன் வாய்மொழியாக "பால் வேணும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். முகவாயைத் திருப்பிக் கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்துவது கொடுமை.

படங்களைக் காட்டிப் பேசப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராது என்ற அச்சம் ஆதாரமற்றது. எல்லாக் குழந்தையும் பேசிவிடும் என்பதற்குமில்லை. கானர் கண்ட 11 பேரில் மூவர் பேசவேயில்லை. அத்தகையோருக்குப் படமும் ஜாடையுமே பாஷை.

இக்காரியம் தாய்க்கே உரியதென்று ஆண்மக்கள் ஒதுங்குவது நியாயமன்று. தேச விஷயங்களை இரவெல்லாம் விவாதிக்கும் நம்மவர், நாள்தோறும் அரைமணி நேரம் கைப்பேசியை அகற்றிவிட்டுத் தம் மகனெதிரே வாய்மூடி உட்கார முடியாதா?

பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர்க்கு மற்றொரு வேலையும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானத்து ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களில் இம்முறையைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டனர். பயிற்றியவர் நிபுணரல்லர், விசேஷப் பட்டமில்லாத ஊழியரே. அங்கும் குழந்தைகள் தாமாகப் பெற்றோரை அணுகுவது பெருகிற்று. அவ்வாண்டிலேயே இந்திய சர்க்கார் இயற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்துள்ளது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியருக்கும் ஏன் இப்பயிற்சியை அளிக்கலாகாது என்று அவ்வூர்ப் பிரமுகர்கள் அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.