அடிமரம் இல்லாத ஆலமரம்

ஊரிலிருந்து நான் புறப்பட்டபோது என் பாட்டி, "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி வாழணும்" என்று வாழ்த்தி அனுப்பினாள். அருகு வேரோடுவது கண்கூடு. ஆல் தழைப்பதன் நுட்பத்தை மட்டும், தாவரவியலில் பட்டம் பெற்றிருந்தும், கொல்கத்தாவுக்கு வந்த பின்னரே நன்கு உணர்ந்தேன்.

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஹௌராவைச் சேர்ந்த சிப்பூரில், 1787-இல் ராபர்ட் கிட் என்பவர் நிறுவிய தாவரவியல் தோட்டம் இருக்கிறது. இன்று ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கிய அத்தோட்டத்தில்தான் புகழ்பெற்ற பெரிய ஆலமரம் நிற்கிறது. அதன் வயது 250 ஆண்டுகளுக்கும் மேல். மூன்றரை ஏக்கருக்கு அதிகமான பரப்பில், 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளை ஊன்றிப் பரந்திருக்கிறது. தொலைவிலிருந்து காண்பவருக்கு அது மரமன்று, ஒரு தோப்பு!

முதன்முறை சென்றபோது அடிமரம் எதுவென்று தேடித்தேடி அலைந்தேன். உடன் வந்த வங்காள நண்பர் சிரித்துவிட்டார். "அது போய் ஏறக்குறைய நூறாண்டு ஆகிறதே!" என்றார்.

1864-இலும் 1867-இலும் வீசிய புயல்களில் மரம் காயமுற்றது. பின்னர்க் காளான் நோய் பற்றி அடிமரத்தை அரித்தது. 50 அடிக்கும் மேற்பட்ட சுற்றளவுள்ள அந்த அடிமரத்தை, மற்றப் பகுதிகளைக் காக்கும் பொருட்டு, 1925-இல் வெட்டி அகற்றினார்கள். மாமரத்தின் அடியை அறுத்தால் மேலுள்ள கிளைகள் யாவும் பட்டுப்போகும். ஆலின் கிளைகள் மட்டும் பிழைத்தது எவ்வாறு?

விடை விழுதில் இருக்கிறது. விழுது என்பது கிளையிலிருந்து பிறக்கும் வேர். காற்றில் தொங்கும் வரை அது மெலிந்த கயிறுதான். நுனி மண்ணைத் தொட்டதும் அங்கே கிளைத்து ஊன்றிக்கொள்கிறது. நீரையும் உப்புக்களையும் உறிஞ்சத் தொடங்குகிறது. உள்ளிருக்கும் வளர்திசு மேன்மேலும் புதிய கட்டையைச் சேர்க்க, கயிறு பருத்துத் தூணாகிறது. அத்தூண் கிளையைத் தாங்குவதோடு நில்லாமல், அக்கிளைக்கு நேரே தண்ணீரும் ஏற்றுகிறது. இலைகள் ஆக்கிய உணவும் அதன் வழியே வேருக்கு இறங்குகிறது. பிறகு அடிமரம் இருந்தால் என்ன, போனால் என்ன?

இளம் விழுது இடையில் ஒடிந்தால் இவையெல்லாம் நடவா. அதனால் தோட்டத்தார் அதற்கு மூங்கில் குழாயைப் பொருத்தி, மண்வரை வழிகாட்டுகிறார்கள். 2020 மே மாதத்து ஆம்பன் புயல் பல விழுதுகளைச் சாய்த்தது; மரத்தைச் சாய்க்க முடியவில்லை.

சென்னை அன்பர்களுக்கு ஒரு செய்தி: அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரமும் 1989-இல் புயலுக்கு அடிமரத்தை இழந்தது. விழுதுகளால்தான் அதுவும் வாழ்கிறது.

ஊரை விட்டு வந்தவன் வேரற்றவன் என்று விடுதி அறையில் நான் மனம் சோர்ந்திருந்த நாட்கள் உண்டு. இப்போது அந்த எண்ணம் இல்லை. விழுது தான் இறங்கிய இடத்து நீரையே குடிக்கிறது. அதனால் அது ஆல் அல்லாமல் போய்விடுவதில்லை. இதைப் பாட்டியிடம் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத்தானேடா நான் அன்னைக்கே சொன்னேன்!" என்றாள்.