சிவப்பு விளக்கை அலட்சியம் பண்ணாதீங்க!

என் கணவர் காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களும், கோயிலுக்கு வருகிறவர்களும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார்கள். நாலு மாசத்தில் இரண்டு பேட்டரி மாற்றியும் காலையில் வண்டி கிளம்பவில்லை. மூன்றாவதும் வாங்கச் சொன்னார் ஒரு கடைக்காரர். கோளாறு ஆல்டர்னேட்டரில் என்று கண்டுபிடித்தவர் வேறொரு எலெக்ட்ரீஷியன். அவரிடம் தெரிந்துகொண்டதைத் தோழிகளுக்கும் சொல்கிறேன்.

சைக்கிள் டைனமோ மாதிரிதான் இதுவும். இன்ஜின் ஓடும்போது பெல்ட் இதைச் சுற்றும், கரண்ட் உண்டாகும். ஹெட்லைட், ஹாரனுக்குப் போக மிச்சம் பேட்டரியில் ஏறும். சென்னை பாடியில் உள்ள, 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி இதைத் தயாரிக்கிறது.

சாவி போட்டதும் எரியும் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். ஏ.சி., ரேடியோவை நிறுத்தி, பக்கத்து மெக்கானிக்கிடம் போய்விடுங்க. சூட்டு முள்ளும் ஏறினால் வண்டியை உடனே ஓரங்கட்டுங்க. பெல்ட் அறுந்து தண்ணீர் பம்ப்பும் நின்றிருக்கலாம்.

ஹெட்லைட் மங்கினாலோ, பெல்ட் 'கீச்'சென்று கத்தினாலோ பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க. பிசிறோ வெடிப்போ இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

பேட்டரியில் மீட்டர் வைத்தால் இன்ஜின் நின்றிருக்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்க மட்டும் விடாதீங்க. உள்ளே டயோடு போய்விடும்.

புது பேட்டரிக்குப் பணம் எண்ணும் முன்னே, "சார்ஜ் எவ்வளவு ஏறுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. ஆயிரக்கணக்கில் மிச்சமாகும்.

— ஒரு வாசகி, காஞ்சிபுரம்