டயரில் பார்க்க வேண்டிய எண்

கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊருக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. அந்தக் காருக்கு ஸ்போர்ட்ஸ் கார் தோற்றம் வர, பிள்ளைகள் அகலமான, பக்கச்சுவர் தாழ்ந்த டயர்களை மாட்டுகிறார்கள். அதற்குமுன் ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும்.

டயரில் ‘185/65 ஆர்15 88எச்’ என்று இருந்தால், 88 என்பது சுமைக் குறியீடு. அது கிலோ அல்ல. அட்டவணைப்படி ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ஏறக்குறைய அதே உயரமுள்ள 205/45 ஆர்17 டயரில் 84 என்றிருந்தால் 500 கிலோதான். பார்வைக்கு அகலம், தாங்குவதோ 60 கிலோ குறைவு. சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. சுவர் தாழ்ந்தால் காற்றுக்கு இடம் குறைகிறது. அதே அளவில் ‘எக்ஸ்எல்’ வகை 88 வரை கிடைக்கும். ஆனால் காற்றழுத்தம் கூடுதலாக வேண்டும்.

ரயில்வேயில் மொத்த எடையோடு ஒவ்வோர் அச்சின் சுமையையும் பார்ப்போம். காரிலும் நான்கு டயரையும் கூட்டிப் பார்த்தால் போதாது. பின்சீட்டில் மூவர், டிக்கி நிறையப் பெட்டிகள் என்றால் பாரம் பின்சக்கரங்களில்தான் ஏறும். தாங்காத டயரின் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். மே மாத நெடுஞ்சாலையில் வெடித்தும் போகலாம்.

ஆகவே கார்க் கையேட்டில் உள்ள குறியீட்டுக்குக் குறையாத டயரையே வாங்குங்கள். புறப்படும் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போதே முழுச் சுமைக்குரிய காற்றை நிரப்புங்கள்.