கரிக்கொட்டிலில் வளர்ந்த கால்பந்து வீரர்

கால்பந்தாட்டத்தில் கோட்டோரமாக ஓடித் தாக்குவதையே தம் பணியாகக் கொண்டவரை ‘விங்கர்’ என்பர். பல நிமிடங்கள் பந்தே வராமல் அவர் ஓரத்தில் காத்து நிற்பார். வந்துவிட்டாலோ எதிரே ஒரு தடுப்பாட்டக்காரர், பக்கத்தில் வெள்ளைக் கோடு, இடையே ஓடுவதற்கு முழ அளவு இடம். அதற்குள் எதிராளியை ஏமாற்றிக் கடந்து, கோலருகே நிற்கும் தோழரின் காலுக்குப் பந்தை அனுப்பிவிட வேண்டும். அதை வலைக்குள் தள்ளியவரின் பெயரே மறுநாள் ஏடுகளில் இடம்பெறும். அர்ஜென்டினாவின் ஏஞ்சல் டி மரியா இந்த வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்தவர். தம் நாட்டிற்காக நான்கு இறுதியாட்டங்களில் தாமே கோலடித்தவரும்கூட. ஆயினும் அந்நாட்டுக் கால்பந்தைப் பற்றிப் பேசுவோர் மெஸ்ஸியின் பெயரைச் சொல்லி முடித்த பிறகே இவர் பெயருக்கு வருவர்.

இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது வியப்பான செய்தி. தலைநகர் புவனோஸ் அயர்ஸிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், பரானா ஆற்றங்கரையில் உள்ள துறைமுக நகரம் ரொசாரியோ. மெஸ்ஸி பிறந்த மறு ஆண்டு, 1988 பிப்ரவரி 14 அன்று அங்கே பிறந்தார் டி மரியா. ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்த குழந்தையைத் தாய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் மருந்து எழுதித் தரவில்லை. கால்பந்து ஆட விடுங்கள் என்றார்.

தந்தையும் ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். ரிவர் பிளேட் கழகத்தின் இரண்டாம் அணிவரை சென்றவர். முழங்காலில் ஏற்பட்ட காயம் அந்தப் பாதையை அடைத்துவிட்டது. பின்னர், தெரிந்த ஒருவருடைய கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திட்டார். கடன் வாங்கியவர் ஒருநாள் ஊரை விட்டே மறைந்துபோனார். வங்கி நேராக இவர் வாசலுக்கு வந்தது. பிறருக்காகப் பிணை நின்று தம் குடும்பத்தையே சுமையில் ஆழ்த்திக்கொண்டவர்களை நம் ஊர்களிலும் நாம் அறிவோம். அந்தச் சுமை எத்தனை ஆண்டுகள் ஒரு வீட்டை அழுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடனை அடைக்க அவர் கைக்கொண்ட தொழில் அடுப்புக்கரி வியாபாரம். இறைச்சியைக் கரித்தணலில் சுட்டு உண்பது அர்ஜென்டினாவின் அன்றாட வழக்கம். எனவே கரிக்குத் தேவை எப்போதும் உண்டு. ஆனால் இலாபம் சிறிது, உழைப்போ பெரிது. தகரக் கூரை போட்ட கொட்டிலில், மழையிலும் குளிரிலும், மூட்டை மூட்டையாக வந்திறங்கும் கரியைச் சிறு பைகளில் அள்ளிக் கட்ட வேண்டும். பள்ளிக்குப் போகுமுன் மகனும் மகளும் தந்தைக்குத் துணையாக நின்று பை கட்டினார்கள். வெள்ளையடித்த வீட்டுச் சுவர்கள் கரித்தூள் படிந்து முதலில் சாம்பல் நிறமாகி, பின்பு கறுத்துப்போயின என்று டி மரியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எல் தொரித்தோ என்னும் சிறிய உள்ளூர்க் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த அச்சிறுவனை, நகரின் பெரிய கழகங்களுள் ஒன்றான ரொசாரியோ சென்ட்ரல் தன்பால் அழைத்துக்கொண்டது. அதற்கு அக்கழகம் கொடுத்த விலை பணமன்று. சில டஜன் கால்பந்துகள்! வீட்டில் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. தந்தை சென்ட்ரலின் பரம எதிரியான நியூவெல்ஸ் அணியின் பற்றாளர். தாயோ சென்ட்ரலின் பற்றாளர். வென்றவர் தாய்தான். ஆனால் வெற்றியின் செலவையும் அவரே ஏற்க வேண்டியிருந்தது. பயிற்சித் திடல் 9 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கார் இல்லை, தந்தை கரிக்கடையை விட்டு நகர முடியாது. மஞ்சள் நிறத்தில் துருவேறிய ஒரு பழைய சைக்கிள் மட்டும் இருந்தது. அதற்குக் ‘கிராசியேலா’ என்று பெயரே வைத்திருந்தார்கள். பின்னால் மகன், பக்கத்தில் தந்தை மரத்தால் செய்து பொருத்திய சிறு இருக்கையில் மகள். மேட்டிலும் பள்ளத்திலும், மழையிலும் இருட்டிலும் அந்தத் தாய் மிதித்துக்கொண்டே சென்றார். டி மரியாவின் ஆட்ட வாழ்க்கையைப் பட்டியலிடுவோர் அதைக் கழகங்களின் பெயர்களிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தச் சைக்கிளிலிருந்து தொடங்குவதே முறை என்பேன்.

மகனோ உடல் மெலிந்தவர். பதின்பருவத்தில், தலையால் முட்டவேண்டிய ஒரு பந்துக்கு அவர் எழும்பவில்லை என்பதற்காகப் பயிற்சியாளர் ஒருவர் தோழர்கள் அனைவருக்கும் முன்னால் அவரைக் கோழை என்று ஏசினார். நீ ஒன்றுக்கும் உதவாமற்போவாய் என்றும் சொன்னார். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இத்தகைய சொல்லால் உரம் பெற்று எழுந்த பிள்ளையின் கதையே நம் காதுக்கு வருகிறது. அதே சொல்லால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பி, பிறகு திடலுக்கே வராத பிள்ளைகளின் கதையை எழுதுவார் இல்லை. டி மரியாவும் அன்று அழுதுகொண்டே வீடு திரும்பினார். இனிப் போகமாட்டேன் என்றார். தாய் விடவில்லை. போய் நீ யாரென்று அவருக்குக் காட்டு என்று திருப்பி அனுப்பினார்.

2005ஆம் ஆண்டின் தொடக்கம். வயது 16 முடிந்து 17ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் அணியில் இடம் கிடைக்கும் அறிகுறியே இல்லை. தந்தை மகனை உட்காரவைத்து மூன்று வழிகளைக் கூறினார்: என்னோடு கரிக்கடைக்கு வரலாம், படிப்பை முடிக்கலாம், அல்லது இன்னும் ஓராண்டு கால்பந்தை முயன்று பார்க்கலாம், அதிலும் தேறாவிட்டால் கடைக்கு வந்துவிட வேண்டும். மகன் வாய் திறக்குமுன் தாய் முந்திக்கொண்டார்: “இன்னும் ஓராண்டு கால்பந்து.”

இந்தத் தந்தையைக் கடுமையானவர் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கடன்பட்ட வீட்டில் உழைக்கும் வயதை எட்டிய ஒரு மகனின் ஓராண்டு என்பது சிறிய கொடையன்று. அதைக் கணக்குப் பார்த்து, வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவே. தவணை முடியவிருந்த டிசம்பர் மாதத்தில் ரொசாரியோ சென்ட்ரலின் முதல் அணியில் டி மரியா களமிறங்கினார்.

அதன் பின் எல்லாம் விரைவாக நடந்தன. 2007இல் கனடாவில் நடைபெற்ற 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டின அணியில் அவர் இருந்தார். அதே ஆண்டு போர்ச்சுகலின் பென்ஃபிகா கழகம் அவரை வாங்கியது. கையில் பணம் வந்ததும் தந்தையை அவர் கேட்டுக்கொண்டது, இனி வேலைக்குப் போக வேண்டாம் என்பதே. பெற்றோருக்கு வீடும் வாங்கித் தந்தார். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நைஜீரியாவுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. முன்னேறி வந்த கோல்காப்பாளரின் தலைக்குமேல் பந்தை மெல்லத் தூக்கி அனுப்பிய அந்த உதை பின்னர் அவருடைய கையொப்பம் போலாயிற்று.

2010இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட். இடதுகால் ஆட்டக்காரரான அவரை அங்கே வலப்பக்கமே பெரும்பாலும் நிறுத்தினார்கள். வலப்புறத்திலிருந்து உள்நோக்கி வந்தால் இடதுகாலுக்குக் கோல் நேராகத் தெரியும் என்பது இதன் நுட்பம். பின்னர் பயிற்சியாளர் அன்செலோட்டி அவரை நடுக்களத்தின் இடப்பக்கத்துக்கு மாற்றினார். ஓரத்தில் ஓடிப் பழகியவருக்கு நடுக்களப் பணி சுமையாகும் என்று பலர் நினைத்தனர். ஆனால் அவருடைய மிகச் சிறந்த பருவமாக அதுவே அமைந்தது. 2014 மே 24 அன்று லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் கூடுதல் நேரத்திற்குச் சென்றது. 110ஆம் நிமிடத்தில், எல்லோருடைய கால்களும் சோர்ந்திருந்த வேளையில், இடப்பக்கமாகத் தடுப்பாட்டக்காரர்களைக் கடந்து டி மரியா உதைத்த பந்து காப்பாளரின் காலில் பட்டு எழும்ப, கேரத் பேல் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஆட்டநாயகன் விருது டி மரியாவுக்குக் கிடைத்தது.

இதற்கு ஓராண்டுக்கு முன் அவருடைய மூத்த மகள் குறைமாதத்தில் பிறந்து, பிழைப்பாளா என்ற ஐயத்தோடு வாரக்கணக்கில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தாள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். குழந்தை பிழைத்தது.

மரக்கானாவில் இரு நாட்கள்

அதே 2014இல் பிரேசிலில் உலகக் கோப்பை. சுவிட்சர்லாந்துக்கு எதிராக 118ஆம் நிமிடத்தில் கோலடித்து நாட்டைக் காலிறுதிக்குக் கொண்டுசென்றவர் டி மரியா. காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக ஆடுகையில் தொடைத்தசை கிழிந்தது. ஜூலை 13, ரியோ நகரின் மரக்கானா அரங்கில் ஜெர்மனியுடன் இறுதியாட்டம். அன்று காலை, வலி தணிக்கும் ஊசிக்காக அவர் அமர்ந்திருந்தபோது, ரியல் மாட்ரிட்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்நிலையில் அவர் ஆடலாகாது என்று கழகம் விரும்பியது. அவரை விற்கும் எண்ணத்தில் கழகம் இருப்பதாகச் செய்திகள் உலவிய நேரம் அது. விற்கவிருக்கும் பொருள் உடைந்துவிடக் கூடாதல்லவா? டி மரியா கடிதத்தைப் படிக்காமலே கிழித்தெறிந்தார். பயிற்சியாளர் சபெல்லாவிடம் சென்று, தேவையானால் ஆடுகிறேன் என்றபோது அழுகை முந்திக்கொண்டது. சபெல்லா அவரை இறக்கவில்லை. 113ஆம் நிமிடக் கோலில் அர்ஜென்டினா தோற்றதை அவர் வெளியே அமர்ந்து பார்த்தார்.

அதே கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை 5.97 கோடி பவுண்டுக்கு வாங்கியது; இங்கிலாந்துக் கழகம் எதுவும் அதுவரை அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. அங்கே மொத்தம் 4 கோல்கள், வீட்டில் ஒரு கொள்ளை முயற்சி, ஓராண்டில் விடைபெறல். பின்னர் பாரிஸில் ஏழு பருவங்கள், ஐந்து லீக் பட்டங்கள். ஆனால் நாட்டு அணியில் துயரம் தொடர்ந்தது. 2015, 2016 என அடுத்தடுத்து இரு கோபா அமெரிக்கா இறுதியாட்டங்களிலும் பெனால்டி உதைகளில் சிலியிடம் தோல்வி. 2015 இறுதியாட்டத்தில் அரை மணி நேரம் முடியுமுன்னே காயம் அவரை வெளியேற்றியது. இறுதியாட்டம் என்றாலே இவர் உடல் ஒத்துழைக்காது என்ற ஏளனம் அர்ஜென்டினாவில் பரவியது. ஒருவரது தசை கிழிவதையும் மன உறுதியின் குறையாகப் பேசுவது இரசிகர்களின் கொடிய பழக்கங்களுள் ஒன்று.

2021 ஜூலை 10. மீண்டும் அதே மரக்கானா, எதிரில் பிரேசில். 22ஆம் நிமிடத்தில் டி பால் நெடுந்தொலைவிலிருந்து அனுப்பிய பந்தை ஓடிப் பெற்று, காப்பாளர் எடெர்சனின் தலைக்குமேல் தூக்கி வலைக்குள் இறக்கினார் டி மரியா. ஆட்டத்தின் ஒரே கோல். 28 ஆண்டுகளாகப் பெரிய கோப்பை எதையும் காணாத நாடு கோபா அமெரிக்காவை வென்றது. மறு ஆண்டு லண்டனில் இத்தாலியை 3–0 என வென்ற ஃபினாலிசிமா ஆட்டத்திலும் அவ்வாறே தூக்கி ஒரு கோல்.

பின்னர் கத்தார், அரபு நாடொன்றில் நடந்த முதல் உலகக் கோப்பை. தொடரின் நடுவே மீண்டும் தொடையில் தொல்லை. அரையிறுதியில் அவர் களமிறங்கவே இல்லை. எனவே 2022 டிசம்பர் 18 அன்று பிரான்சுடனான இறுதியாட்டத்தில் ஸ்கலோனி அவரை முதலிலேயே இறக்கியபோது, அதுவும் வழக்கமான வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கத்தில் நிறுத்தியபோது, பிரான்ஸ் அணி தடுமாறியது. 23ஆம் நிமிடக் கோலுக்கு வழிசெய்த பெனால்டி அவர்மீது இழைக்கப்பட்ட தவறால் கிடைத்தது. 36ஆம் நிமிடத்தில், தம் பாதியிலிருந்து கைமாறிக் கைமாறி வருவதுபோல் நான்கைந்து கால்கள் கடந்து வந்த பந்தை அவரே கோலாக்கினார். ஆட்டம் முடியுமுன்னே கண்ணீர் வந்துவிட்டது. 64ஆம் நிமிடத்தில் அவர் வெளியே அழைக்கப்பட்டார். அதுவரை 2–0. அவர் சென்ற பின் 80, 81ஆம் நிமிடங்களில் பிரான்ஸ் இரண்டையும் திருப்பி அடித்தது. முடிவில் பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா வென்றது என்றாலும், ஒரு விங்கர் களத்தில் இருப்பதன் பொருளும் இல்லாததன் பொருளும் ஒரே மாலையில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஆட்டம் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை.

ஊர் திரும்பல்

கடைசியில் பிறந்த ஊர்க் கழகத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. இத்தாலியின் யுவெண்டஸில் ஓராண்டு ஆடி, 2023இல் மீண்டும் பென்ஃபிகா சென்றிருந்தார். 2024 மார்ச்சில், ரொசாரியோ அருகே அவர் குடும்பம் தங்கும் குடியிருப்பின் வாசலில் ஓர் மிரட்டல் கடிதம் வீசப்பட்டது: திரும்பி வந்தால் குடும்பத்தாருக்கு ஆபத்து என்று. போதைப்பொருள் கும்பல்களின் வன்முறையில் அந்நகரம் சிக்கியிருந்த காலம். ஏறத்தாழ ஆறாயிரம் மைல் தாண்டியும் எட்டாத அச்சம் சொந்த ஊரின் வாசலில் காத்திருந்தது. பயணத்தை அவர் நிறுத்தினார். அவ்வாண்டு ஜூலை 14 அன்று மயாமியில் கொலம்பியாவை 1–0 என வென்ற கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தோடு, 145 ஆட்டங்கள் 31 கோல்கள் என்ற கணக்கில், நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார்.

ஓராண்டு கழித்து, 37ஆம் வயதில், ரொசாரியோ சென்ட்ரலுக்கே வந்து சேர்ந்தார். 2025 ஆகஸ்ட் 23 அன்று தந்தையின் பழைய அணியான நியூவெல்ஸ் எதிரணியாக வந்தது. ஆட்டம் முடிய எட்டு நிமிடங்களே இருந்தபோது நேர் உதை ஒன்று கிடைத்தது. இடதுகாலால் உதைத்தார். பந்து வலைக்குள் விழுந்தது. 1–0. தாயின் கட்சியே மீண்டும் வென்றது.